சென்னை வாடகைச் சட்டங்கள்

சென்னை வாடகைச் சட்டங்கள் என்பவை சென்னை மாநகரில் வீடு, கடை, மனை ஆகியவற்றை வாடகைக்கு விடுவோருக்கும் எடுப்போருக்கும் இடையிலான உரிமைகளையும் கடமைகளையும் வரையறுக்கும் சட்டங்களின் தொகுதியாகும். இவை ஒரே சட்டமாக இல்லை. மனையை வாடகைக்கு எடுத்து அதில் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டவருக்கு 1921-ஆம் ஆண்டுச் சட்டமும், கட்டி முடித்த வீட்டையோ கடையையோ வாடகைக்கு எடுத்தவருக்கு 1960-ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டமும், கோயில் சொத்துகளில் இருப்பவருக்கு அறநிலையச் சட்டமும் பொருந்தும். எனவே மயிலாப்பூரில் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருக்கும் இருவருக்கு வெவ்வேறு சட்டங்கள் பொருந்துவது உண்டு. எந்தச் சட்டம் தமக்குப் பொருந்தும் என்பதை அறியாமல் பதில் தாக்கல் செய்தமையால் உரிமையை இழக்க நேரிடலாம் என்பதால், இவற்றைத் தேடிப் படிக்கும் முறையும் இக்கட்டுரையில் தரப்படுகிறது.

கலைச்சொற்கள்

அடிமனை: கட்டடம் நிற்கும் நிலம். நிலம் ஒருவருக்கும் அதன் மேலுள்ள கட்டடம் வேறொருவருக்கும் சொந்தமாக இருக்கும்போது, நிலத்துக்காகச் செலுத்தப்படும் தொகை அடிமனை வாடகை எனப்படும்.

மேற்கட்டுமானம்: பிறர் நிலத்தில் வாடகைதாரர் தம் செலவில் எழுப்பிய வீடு, கடை, குடிசை முதலியன.

நியாய வாடகை: இரு தரப்பினரும் பேசிக்கொண்ட தொகையைக் கருதாமல், சட்டம் கூறும் கணக்கின்படி அதிகாரியோ நீதிமன்றமோ நிர்ணயிக்கும் வாடகை.

உள்வாடகை: வாடகைதாரர் தாம் எடுத்த இடத்தை மற்றொருவருக்கு வாடகைக்கு விடுதல்.

வரலாறு

1921-ஆம் ஆண்டுச் சட்டம்

சென்னையில் பலர் பிறர் நிலத்தைச் சிறு தொகைக்கு வாடகையாகப் பெற்று, அந்நிலத்தில் தம் செலவில் வீடுகளைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தனர். வாடகையை ஒழுங்காகச் செலுத்தும் வரை தம்மை வெளியேற்ற மாட்டார்கள் என்ற நம்பிக்கையே இதற்கு அடிப்படையாக இருந்தது. நிலத்தின் மதிப்பு உயர்ந்தபோது உரிமையாளர்கள் நிலத்தைத் திரும்பக் கேட்கத் தொடங்கினர். பொதுச் சட்டப்படி வாடகைதாரர் தம் கட்டடத்தைப் பிரித்து எடுத்துச் செல்லலாமே தவிர, அதற்கு விலை கேட்க இயலாது. இக்குறையை நீக்கச் சென்னை நகர வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1921 இயற்றப்பட்டது. இது 1922-ஆம் ஆண்டின் 3-ஆம் சட்டம் என்று எண்ணிடப்பட்டுள்ளது. தொடக்கத்தில் இச்சட்டம் நடைமுறைக்கு வருமுன் ஏற்பட்ட மனை வாடகைகளுக்கு மட்டுமே பொருந்தியது. பின்னர் திருத்தங்கள் வாயிலாகப் பிற நகரங்களுக்கும் பிந்தைய வாடகைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. 1980-ஆம் ஆண்டின் 2-ஆம் சட்டம் இவற்றுள் முதன்மையான திருத்தமாகும்.

போர்க்காலமும் 1960-ஆம் ஆண்டுச் சட்டமும்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நகரில் வீட்டுப் பற்றாக்குறை ஏற்பட்டது. இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் 1941-ஆம் ஆண்டில் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது. போர் முடிந்த பின்னர் 1946, 1949 ஆகிய ஆண்டுகளில் தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. இவற்றைத் தொடர்ந்து வந்ததே தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம், 1960 ஆகும். இச்சட்டம் நியாய வாடகைக்கு வழி செய்தது. மொத்த மதிப்பில் குடியிருப்புக் கட்டடங்களுக்கு ஆண்டுக்கு 9 விழுக்காடும், குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்கு 12 விழுக்காடும் வருவாயாகக் கொண்டு நியாய வாடகை கணக்கிடப்பட்டது. சட்டத்தில் கூறப்பட்ட காரணங்கள் இருந்தாலன்றி வாடகைதாரரை வெளியேற்ற இயலாது. வேண்டுமென்றே வாடகை செலுத்தாமை, உள்வாடகைக்கு விடுதல், உரிமையாளரின் சொந்தத் தேவை, இடித்துக் கட்டுதல் ஆகியன அக்காரணங்களுள் சில. சென்னையில் இவ்வழக்குகளைச் சிறு வழக்குகள் நீதிமன்றத்தின் நீதிபதிகள் வாடகைக் கட்டுப்பாட்டாளர்களாக இருந்து விசாரித்தனர்.

2017-ஆம் ஆண்டுச் சட்டம்

தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குபடுத்துதல் சட்டம், 2017 பிப்ரவரி 22, 2019 அன்று நடைமுறைக்கு வந்தது. 1960-ஆம் ஆண்டுச் சட்டம் இதனால் நீக்கப்பட்டது. எனினும் அந்நாளில் நிலுவையில் இருந்த வழக்குகள் பழைய சட்டத்தின்படியே முடிவு செய்யப்பட வேண்டும் என்று புதிய சட்டம் கூறுகிறது. 1921-ஆம் ஆண்டுச் சட்டத்தை இது நீக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

பொருந்தும் சட்டத்தைக் கண்டறிதல்

ஒரு வாடகைச் சிக்கலில் எந்தச் சட்டம் பொருந்தும் என்பது மூன்று வினாக்களுக்கான விடைகளைப் பொறுத்தது.

1. வாடகைக்கு விடப்பட்டது எது? வெறும் மனையா, கட்டடமா? மனை என்றால் 1921-ஆம் ஆண்டுச் சட்டத்தையும், கட்டடம் என்றால் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் முதலில் பார்க்க வேண்டும்.

2. உரிமையாளர் யார்? தனியாரா, அரசா, மாநகராட்சியா, கோயிலோ பிற சமய நிறுவனமோ ஆகுமா? அரசு, மாநகராட்சி, சமய நிறுவனங்கள் ஆகியவற்றுக்குப் பல சட்டங்களில் விதிவிலக்கு உள்ளது.

3. எப்போது? வாடகை தொடங்கிய நாள், வழக்குத் தொடுக்கப்பட்ட நாள் ஆகிய இரண்டும் தேவைப்படும்.

இவற்றுக்கான விடை வாடகை ரசீதிலும், ஒப்பந்தத்திலும், சொத்து வரி ரசீதிலும், வில்லங்கச் சான்றிலும் பெரும்பாலும் கிடைக்கும். தென்சென்னையின் குடியிருப்புகள் உருவான வரலாறும் இதற்கு உதவும். மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலுக்குச் சொந்தமான அடிமனைகள் மிகுதி. தியாகராய நகர் 1920-களில் பழைய ஏரியைத் தூர்த்து அமைக்கப்பட்ட திட்டமிட்ட நகர்ப்பகுதியாகும்; இன்று அங்குக் கடை வாடகைச் சிக்கல்கள் எழுகின்றன. அடையாறு காந்தி நகர் கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்தாலும், பெசன்ட் நகர் வீட்டு வசதி வாரியத்தாலும் உருவானவை. இங்குத் தனியாருக்குச் சொந்தமான அடுக்குமாடி வீடுகளின் வாடகையே பெரும்பான்மை.

அடிமனை வாடகைதாரரின் உரிமைகள்

1921-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமனை வாடகைதாரருக்கு இரண்டு முதன்மையான உரிமைகளை அளிக்கிறது.

முதலாவது இழப்பீடு. பிரிவு 3-இன்படி வாடகைதாரரை வெளியேற்றும்போது, அவர் கட்டிய கட்டடத்துக்கும் நட்ட மரங்களுக்கும் உரிய மதிப்பை நில உரிமையாளர் தர வேண்டும். வழக்குத் தொடுக்குமுன் மூன்று மாத கால அறிவிப்பும் தர வேண்டும்.

இரண்டாவது நிலத்தை வாங்கும் உரிமை. பிரிவு 9-இன்படி, வெளியேற்ற வழக்கில் அழைப்பாணை கிடைத்த ஒரு மாதத்துக்குள், நிலத்தைத் தமக்கு விற்குமாறு உரிமையாளருக்கு ஆணையிடக் கோரி வாடகைதாரர் நீதிமன்றத்தில் மனு செய்யலாம். முழு நிலமும் கிடைக்கும் என்பதில்லை. வாடகைதாரர் வசதியாகத் துய்ப்பதற்குத் தேவையான குறைந்த அளவு எவ்வளவு என்று நீதிமன்றம் முதலில் முடிவு செய்யும். அந்த அளவுக்கு, ஆணைக்கு முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரிச் சந்தை மதிப்பு விலையாக நிர்ணயிக்கப்படும். நிலம் வாடகைதாரரின் நேரடி அனுபவத்தில் இருக்க வேண்டும். வீட்டை முழுவதும் பிறருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு வேறிடத்தில் வாழ்பவர் இவ்வுரிமையைக் கோருவது கடினம்.

இதில் கவனிக்கத்தக்கது ஒரு மாதக் கெடுவாகும். வழக்குக்கு எதிர்வாதம் தாக்கல் செய்வது வேறு. பிரிவு 9-இன்கீழ் தனி மனு செய்வது வேறு. முன்னதை மட்டும் செய்து பின்னதை விட்டவர், மூன்று தலைமுறையாக ஒரே மனையில் வாழ்ந்தவராயினும், நிலத்தை வாங்கும் உரிமையை இழக்கும் நிலைக்கு ஆளாவார்.

கோயில் நிலங்கள்

1996-ஆம் ஆண்டுத் திருத்தம்

சமய நிறுவனங்கள் தம் நிலங்களைச் சந்தை மதிப்பின் சராசரிக்கு விற்க நேர்ந்தமையால், கோயில்களின் சொத்து குறைந்து வந்தது. இதனைத் தடுக்க 1996-ஆம் ஆண்டின் 2-ஆம் சட்டம் இயற்றப்பட்டது. இந்து, இசுலாம், கிறித்தவம் முதலிய எந்தச் சமயத்தைச் சேர்ந்த நிறுவனத்துக்கோ சமய அறக்கட்டளைக்கோ சொந்தமான நிலத்துக்கும் 1921-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என்று இத்திருத்தம் கூறியது. மேலும், வாடகைதாரர்கள் தொடுத்து நிலுவையில் இருந்த நடவடிக்கைகளும் அற்றுப்போகும் என்று விதித்தது. ஆணை பெற்று அது முழுமையாக நிறைவேற்றப்பட்டுவிட்ட வழக்குகள் மட்டும் காக்கப்பட்டன.

மயிலாப்பூர் கிளப் வழக்கு

இத்திருத்தத்தை எதிர்த்து மயிலாப்பூர் கிளப் உள்ளிட்டோர் வழக்குத் தொடுத்தனர். பல ஆண்டுகளாகக் கட்டடம் கட்டி இருந்துவரும் தம் உரிமையை, அதுவும் வழக்கு நிலுவையில் இருக்கும்போதே, பறிப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்பது வாடகைதாரர்களின் வாதமாக இருந்தது. 2005-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நிலத்தை வாங்கும் உரிமை சட்டம் அளித்த ஒரு சலுகையே தவிர, நிலத்தின் மீதான சொத்துரிமை ஆகாது. சட்டம் கொடுத்ததைச் சட்டமே திரும்பப் பெறலாம் என்பது இத்தீர்ப்பின் சாரமாகும்.

தற்போதைய நிலை

இதன் விளைவாகக் கோயில் அடிமனையில் வீடு கட்டியிருப்பவர் பொதுச் சட்டமான சொத்து மாற்றுச் சட்டம், 1882-க்கும், தமிழ்நாடு இந்து சமய மற்றும் அறநிலையக் கொடைகள் சட்டம், 1959-க்கும் உட்பட்டவராகிறார். பின்னதன் பிரிவு 34-இன்படி ஐந்தாண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் ஒப்புதல் தேவை. பிரிவு 34-அ கோயில் சொத்துகளுக்கு நியாய வாடகை நிர்ணயிக்கும் முறையைக் கூறுகிறது. அதன்மீது ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். குத்தகைக் காலம் முடிந்தும் வெளியேறாதவர் பிரிவு 78-இன்கீழ் ஆக்கிரமிப்பாளராகக் கருதப்படக்கூடும். ஆகவே கோயில் மனையில் இருப்பவருக்கு வாடகை ரசீதும், பெயர் மாற்றமும், உரிய காலத்தில் செய்யும் மேல்முறையீடுமே முதன்மையான பாதுகாப்புகள் ஆகும். தந்தை பெயரிலேயே வாடகை செலுத்தி வருபவர்கள் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுவது பிற்காலத்தில் சிக்கலைத் தரும்.

கட்டட வாடகை

2017-ஆம் ஆண்டுச் சட்டம் நகர்ப்புறங்களில் குடியிருப்பு, வணிகம், கல்வி ஆகியவற்றுக்காக வாடகைக்கு விடப்படும் கட்டடங்களுக்குப் பொருந்தும். அரசுக் கட்டடங்கள், அறிவிக்கையில் குறிப்பிடப்பட்ட சமய, அற நிறுவனங்களின் கட்டடங்கள் முதலியவற்றுக்கு விதிவிலக்கு உண்டு.

ஒப்பந்தமும் பதிவும்

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதனை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து பதிவு எண் பெற வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர் வாடகை அதிகாரியாக நியமிக்கப்படுகிறார். முன்பே நடப்பில் இருந்த வாய்மொழி வாடகைகளையும் எழுத்தில் கொண்டுவரச் சட்டம் கெடு விதித்தது. அக்கெடு பின்னர் நீட்டிக்கப்பட்டது.

சென்னையில் பதினொரு மாத ஒப்பந்தம் போடும் வழக்கம் வேறொரு சட்டத்தால் ஏற்பட்டது. பதிவுச் சட்டம், 1908-இன்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அச்செலவைத் தவிர்க்கவே பதினொரு மாதம் என்று எழுதப்பட்டது. வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு இதிலிருந்து வேறானது. பதினொரு மாத ஒப்பந்தமாயினும் அப்பதிவு தேவை.

முன்பணம்

பத்து மாத வாடகையை முன்பணமாகப் பெறுவது சென்னையின் நெடுநாள் வழக்கம். 1960-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறுவதை அனுமதிக்கவில்லை. கூடுதலாகக் கொடுத்த முன்பணத்தை வாடகைப் பாக்கியில் கழித்துக்கொள்ளலாம் என்றும், ஆகவே அத்தகைய வாடகைதாரரை வேண்டுமென்றே செலுத்தத் தவறியவராகக் கொள்ள இயலாது என்றும் உச்ச நீதிமன்றம் 1996-இல் ஒரு சென்னை வழக்கில் தீர்ப்பளித்தது.

புதிய சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறக்கூடாது என்று சொல்வதாகப் பரவலாக எழுதப்படுகிறது. சட்டத்தின் பிரிவு 11 இதனை "மாறான உடன்பாடு இருந்தாலன்றி" என்னும் பொருள்படும் சொற்களோடு தொடங்குகிறது. எனவே பத்து மாத முன்பணத்துக்கு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர், மூன்று மாதத்துக்கு மேற்பட்டதைத் திரும்பத் தருமாறு இப்பிரிவை மட்டும் காட்டிக் கேட்பது எளிதன்று. வீட்டைக் காலி செய்து ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், உரிய கழிவுகள் போக, முன்பணம் திருப்பித் தரப்பட வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு.

வாடகை வாங்க மறுத்தல்

வாடகையை வாங்காமல் விட்டு, பின்னர் பாக்கி என்று வழக்குத் தொடுப்பது பழைய உத்தியாகும். உரிமையாளர் வாங்க மறுத்தால் அஞ்சல் பணவிடை முதலிய வழிகளில் அனுப்பி, அப்போதும் பெறாவிட்டால் வாடகை அதிகாரியிடம் செலுத்தச் சட்டம் வழி செய்துள்ளது. அனுப்பியதற்கான சான்றுகளைப் பாதுகாத்து வைத்தல் வேண்டும்.

வெளியேற்றம்

வாடகைப் பாக்கி, ஒப்பந்தம் செய்துகொள்ளாமை, எழுத்து மூலமான இசைவின்றிப் பிறருக்கு விடுதல், இடத்தைத் தவறாகப் பயன்படுத்துதல், இடித்துக் கட்டுதல் முதலிய காரணங்களுக்காக வாடகை நீதிமன்றத்தில் மனு செய்யலாம். அதன்மீது வாடகைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு உண்டு. குடிநீர், மின்சாரம் போன்ற இன்றியமையாத வசதிகளைத் துண்டித்து வெளியேற்ற முயல்வதைச் சட்டம் தடை செய்கிறது. வாடகை அதிகாரி அவற்றை மீண்டும் வழங்குமாறு இடைக்கால ஆணையிடலாம். நீதிமன்ற ஆணையின்றிப் பூட்டை மாற்றி வெளியேற்றப்பட்டவர், தனிவகைத் தீர்வு வழிச் சட்டம், 1963-இன் பிரிவு 6-இன்படி ஆறு மாதங்களுக்குள் வழக்குத் தொடுத்து அனுபவத்தைத் திரும்பப் பெறலாம்.

சட்டத்தைத் தேடிப் படித்தல்

சட்ட நூல்களும் இதழ்களும்

சட்டத்தைத் தேடும் பணிக்கும் மயிலாப்பூருக்கும் பழைய தொடர்பு உண்டு. நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் மெட்ராசு லா சர்னல் என்னும் இதழ் 1891-ஆம் ஆண்டில் மயிலாப்பூர் வழக்கறிஞர்களின் முயற்சியால் தொடங்கப்பட்டது. வி. கிருஷ்ணசாமி ஐயர், பி. ஆர். சுந்தரம் ஐயர் ஆகியோர் இதில் முதன்மைப் பங்காற்றினர். இன்று சட்டங்களை இந்தியா கோட் என்னும் அரசு இணையத்தளத்திலும், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை 2023-இல் தொடங்கப்பட்ட இ-எஸ்.சி.ஆர். தளத்திலும் கட்டணமின்றிப் படிக்கலாம். அச்சு நூல்களுக்குக் கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும், எழும்பூர் கன்னிமாரா நூலகமும் பயன்படும்.

படிக்கும் வரிசை

சட்டத்தைப் படிக்கும்போது பின்வரும் வரிசை உதவும்.

1. சட்டத்தின் தொடக்கப் பிரிவுகள்: எந்த இடத்துக்கு, எவருக்கு, எந்நாள் முதல் பொருந்தும் என்பதும், விதிவிலக்குகளும் இங்கே இருக்கும்.

2. வரையறைகள்: "கட்டடம்", "வாடகைதாரர்" போன்ற சொற்களுக்கு வழக்குப் பொருளிலிருந்து வேறுபட்ட பொருள் தரப்பட்டிருக்கலாம். 1921-ஆம் ஆண்டுச் சட்டத்தில் குடிசையும் கட்டடமே.

3. உரிய பிரிவும் அதன் காப்புரைகளும்.

4. திருத்தச் சட்டங்கள், விதிகள், அரசாணைகள்: சமய, அற நிறுவனங்களின் கட்டடங்களுக்கு 1960-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தது 1976-ஆம் ஆண்டின் ஓர் அரசாணையே. சட்ட நூலை மட்டும் படித்தவருக்கு இது தெரியவராது.

5. தீர்ப்புகள்: மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகையுள்ள குடியிருப்புகளுக்கு 1960-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என்று அதன் பிரிவு 30-இல் ஒரு விதி இருந்தது. கடை வாடகைதாரருக்கு அவ்வரம்பு இல்லாத நிலையில் இது சமத்துவத்துக்கு முரணானது என்று கூறி உச்ச நீதிமன்றம் 1986-இல் அதனைச் செல்லாததாக்கியது.

தீர்ப்புக் குறிப்பு

தீர்ப்புகள் சுருக்கக் குறிப்பால் சுட்டப்படும். "(2005) 12 எஸ்.சி.சி. 752" என்பது 2005-ஆம் ஆண்டின் எஸ்.சி.சி. தொகுப்பில் 12-ஆம் தொகுதி, 752-ஆம் பக்கம் என்று பொருள்படும். இது மேற்கூறிய மயிலாப்பூர் கிளப் வழக்கின் குறிப்பாகும். ஒரு தீர்ப்பைக் கண்டவுடன், அது எந்தச் சட்டத்தின்கீழ் அளிக்கப்பட்டது என்பதையும், பிற்காலத் திருத்தமோ தீர்ப்போ அதனை மாற்றியுள்ளதா என்பதையும் பார்த்தல் வேண்டும். நியாய வாடகை பற்றிய பழைய தீர்ப்புகள் பல 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சார்ந்தவை. அவற்றை 2019-க்குப் பிந்தைய வாடகைக்கு அப்படியே பொருத்த இயலாது.

சட்ட உதவி

சட்டத்தைப் படித்தறிவது வழக்கறிஞரின் அறிவுரைக்கு மாற்றாகாது. சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987-இன் பிரிவு 12-இன்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் முதலியோர் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையோர். பிறருக்கு வருமான வரம்பு உண்டு. தமிழ்நாடு மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழு சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இயங்குகிறது. 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் உதவி கோரலாம். அழைப்பாணை கிடைத்த நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, ரசீதுகள், ஒப்பந்தம் ஆகியவற்றுடன் உடனே அணுகுவது கெடுக்கள் தவறாமல் இருக்க உதவும்.

இவற்றையும் பார்க்கவும்

சொத்து மாற்றுச் சட்டம், 1882
சென்னை உயர் நீதிமன்றம்
மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில்
இந்து சமய அறநிலையத் துறை